முப்பத்திரண்டு கல்லும் ஒரு சங்குப்பூவும்

1

பரிணாமப் பாடம் தொடங்கும் நாளில் எங்கள் கல்லூரி ஆய்வுகூட மேசையில் முப்பத்திரண்டு கற்களை வரிசையாக அடுக்கி வைப்பது என் வேலை. நேற்று அடுக்கிக்கொண்டிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி, “ஐயா, இதெல்லாம் இஞ்ச எப்படி வந்தது?” என்று கேட்டாள். “தோணியிலே” என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவளுக்குச் சொல்ல முடியாமல் போனதை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் தூத்துக்குடிக்காரர்கள், அதனால் பாதி விளக்கம் மிச்சம்.

என் பெயர் கஸ்பார். கொழும்புக்கு வந்து பதினோரு வருஷமாகிறது. கொட்டாஞ்சேனையில் குடியிருப்பு. ஒரு கல்லூரியின் விலங்கியல் பகுதியில் சாடிகளுக்கும் எலும்புகளுக்கும் காவல் இருக்கிறேன். பாம்பு மிதக்கும் சாடியில் சாராயம் குறைந்தால் ஊற்றுவது, வௌவாலின் கை எலும்பு தொலைந்தால் தேடுவது, இப்படி. எங்கள் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். போன வருஷம் அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு காரியம் சொன்னார்.

ஒன்று: அரியலூர்ப் பக்கத்துப் பாறை அடுக்குகளில் அவருடைய நண்பர் ஒருவர் வெட்டியெடுத்த புதைபடிவங்கள் ஒரு மரப்பெட்டியில் ரயிலேறித் தூத்துக்குடிக்கு வந்து கிடந்தன. அதைக் கொண்டுவர வேண்டும். இரண்டாவது என் அத்தான் சம்பந்தப்பட்டது. அக்கா திரேசம்மாளின் வீட்டுக்காரர் இஞ்ஞாசி சங்கு குளிப்பவர். அவர் கடலடியில் ஒரு சங்குப்பூ கண்டெடுத்திருந்தார். சங்கு முட்டையிட்டு வைக்கும் அறை அறையான கூட்டைத்தான் நம் ஆட்கள் சங்குப்பூ என்பார்கள். பார்ப்பதற்கு முறுக்கிய ஆட்டுக்கொம்பு போல இருக்கும். அத்தான் அதில் ஓர் அறையைக் கீறிப் பார்த்திருக்கிறார். உள்ளே இருந்த குஞ்சுகள் அத்தனையும் வலம்புரி.

லட்சத்தில் ஒன்று கிடைக்கும் என்று ஊரே கும்பிடுகிற வலம்புரி, ஒரு கூடு நிறைய! அக்கா எழுதிய கடிதத்தில் இந்தச் செய்தி கடைசி வரியில், ஆட்டுக்குட்டி செத்துப்போன செய்திக்கு அடுத்தபடியாக இருந்தது. அதைப் பேராசிரியரிடம் வாசித்துக் காட்டியபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“கஸ்பார், ஒரு கூட்டிலே எல்லாம் ஒரே பக்கம் முறுக்கியிருக்கெண்டால், அது தாயிட்ட இருந்து வாற ஜீனின்ர வேலையாய் இருக்கலாம். குளத்து நத்தையிலே பார்த்திருக்கினம். சங்கிலே எனக்குத் தெரிஞ்சு ஒருத்தரும் பார்க்கேல்லை. போய் உயிரோட கொண்டு வாரும்.”

என் கையில் இருந்தது பத்து நாள் அவகாசம். இப்போது இங்கே புதுச் சட்டம். இந்தியாவில் பிறந்தவன் ஊருக்குப் போனால், திரும்பி நுழைவதற்கு ஒரு சீட்டு வாங்கிப் போக வேண்டும். என் சீட்டு ஒரு சனிக்கிழமையோடு முடிந்தது. அதற்குள் வராவிட்டால் பதினோரு வருஷமும், வேலையும், கொட்டாஞ்சேனையில் இருக்கும் மனைவியும் மகளும் என்ன ஆவார்கள் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை.

2

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டி ஓர் அலுவலகம். எது என்று எழுதப் போவதில்லை. அங்கே தலைமைக் குமாஸ்தா வேலாயுதம் அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்து ஆள். வெள்ளைக்காரன் போய் வருஷம் ஒன்று ஓடியும் பழைய ஃபாரங்கள் தீரவில்லை. ஒவ்வொன்றின் தலையிலும் இருந்த கிரீடத்தை அவர் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார். அடிக்கும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரியும். அதோடு அன்றைய சந்தோஷம் முடிந்துவிடும்.

“அண்ணாச்சி, உங்களோட கொஞ்சம் கதைக்கணும்” என்றேன்.

பதினோரு வருஷக் கொழும்புப் பேச்சு வாயில் ஒட்டியிருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“கதையா? இது ஆபீசுவே. கதை விடுததுக்கு வேற எடம் பாரும்.”

பேச வேண்டும் என்று திருத்திச் சொன்னேன். ஆனால் அந்த நாலு நாளும் நான் என்ன சொன்னாலும் அவர் அதைக் கதைக் கணக்கிலேயே வைத்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒரு கல்லை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

“கல்லுன்னு எழுதியிருக்கீரு. நத்தை மாதிரில்லா இருக்கு?”

“முன்னால நத்தையா இருந்ததுதான். இப்போ கல்லாயிட்டு.”

“அப்பொ செத்த பிராணின்னு எழுதணும். எப்பொ செத்துச்சு?”

“பல கோடி வருஷம் இருக்கும் அண்ணாச்சி.”

“எனக்குத் தேதி வேணும்வே. என்ன நோவுல செத்துச்சுன்னும் வேணும். தொத்து வியாதியா இருந்தா கப்பல்ல ஏத்த முடியாது. மாட்டு டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வாரும்.”

மாட்டு டாக்டர் நல்ல மனிதர். ஒரு பசுவின் பிரசவத்தை முடித்த கையோடு என்னுடன் நடந்து வந்தார். முப்பத்திரண்டையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். ஒன்றை முகர்ந்துகூடப் பார்த்தார். பிறகு தாளை வாங்கி, “பரிசோதித்த பிராணிகள் முப்பத்திரண்டிலும் உயிர் இல்லை என்பதில் ஐயமில்லை. இறந்த காரணம் தெரியவில்லை. தொற்றும் நிலையைத் தாண்டிவிட்டன” என்று எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

அண்ணாச்சி அதைப் படித்துத் தலையசைத்தார். செவ்வாய்க்கிழமை இப்படிப் போனது.

3

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மகள் பிலோமி பக்கத்தில் வந்து நின்று எட்டிப் பார்க்கிறாள். ஒன்பது வயசு. என் எழுத்து அவளுக்கு வாசிக்க வராது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், தெருவில் சிங்களம், வீட்டில் எங்கள் தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் கலக்குவாள். நான் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு சாதாரணச் சங்கைப் பார்த்ததும், “ஹை, ஹக்கெடிய!” என்றாள். அது சிங்களத்தில் சங்கு.

என் மனைவி ரோசம்மாளுக்கு முகம் விழுந்துவிட்டது. “சங்கு குளிக்கவன் வீட்டுப் பிள்ளைக்குச் சங்குன்னு சொல்லத் தெரியலியே” என்று இரண்டு நாள் புலம்பினாள். நான் வரிந்துகட்டிக்கொண்டு சங்கு, சங்கு என்று பத்துத் தடவை சொல்ல வைத்தேன். பதினோராவது தடவை பிலோமி, “ஓ மை காட் அப்பா, போதும்” என்றாள். அதற்கு மேல் என்ன செய்ய? நானே அலுவலகத்தில் போய்க் கதைக்கணும் என்று சொல்லிவிட்டு வந்தவன்தானே.

4

புதன்கிழமை, ஃபாரத்தில் அடுத்த கட்டம்: “வகை எத்தனை?”

சாதாரணக் கேள்விதான். கருவாடு என்றால் நெத்திலி, சீலா என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு வியர்த்துவிட்டது. ஏனென்றால் பேராசிரியர் அந்தக் கற்களைக் கேட்டதே அந்த ஒரு காரணத்துக்காகத்தான். பாறையின் அடி அடுக்கிலிருந்து மேல் அடுக்கு வரை வரிசையாக எடுத்தவை அவை. அடியில் கிடைத்த நத்தை வழவழவென்று, குட்டையாக இருக்கும். உச்சியில் கிடைத்தது நீண்டு, முதுகெல்லாம் முடிச்சு முடிச்சாக இருக்கும். நடுவில் இருப்பவை கொஞ்சம் கொஞ்சமாக மாறி வரும்.

அண்ணாச்சி மேசையைத் துடைத்து, நான் சொன்ன வரிசையில் முப்பத்திரண்டையும் அடுக்கினார். மொத்தமும் இரண்டே வகை என்று பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்னார். ஒரு ரூல்தடியை எடுத்து, பதினாறுக்கும் பதினேழுக்கும் நடுவில் வைத்தார்.

“இந்தப் பக்கம் ஒரு வகை. அந்தப் பக்கம் ஒரு வகை.”

“சரிதான் அண்ணாச்சி. ஆனா பதினாறையும் பதினேழையும் பாருங்க.”

கையில் எடுத்துப் பார்த்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ரூல்தடியை இருபதுக்குத் தள்ளினார். இருபதும் இருபத்தொன்றும் அதைவிட ஒற்றுமை. பன்னிரண்டுக்கு இழுத்தார். அங்கேயும் அதே கதை. மத்தியானச் சாப்பாடு வந்தது; அவர் தொடவில்லை. கருவாட்டு வியாபாரிகள் இரண்டு பேர் வந்து காத்திருந்து, பிறகு அவர்களும் யோசனை சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் ஏழுக்கு அப்புறம் என்றார், இன்னொருவர் இருபத்தாறு என்றார். இருவருக்கும் கைகலப்பு வராத குறை.

“இதுவும் இதுவும் ஒண்ணு” என்று அண்ணாச்சி விரலால் தொட்டுக்கொண்டே போனார். “இதுவும் அடுத்ததும் ஒண்ணு. அதுவும் அதுக்கு அடுத்ததும் ஒண்ணு. அப்பொ மொதலும் கடைசியும் எப்படிவே வேற வேறயா வந்துச்சு? எந்த எடத்துல மாறுச்சு?”

“எந்த எடத்துலயும் மாறல. எல்லா எடத்துலயும் கொஞ்சம் மாறுச்சு.”

அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அலுவலகத்தில் இத்தனை வருஷத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை என்று பியூன் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

“சரி, கல்லு சொல்லுது. கல்லு மட்டும் சொன்னா போதுமா? ஒரு சாட்சிதான?”

அப்போதுதான் நான் சங்குப்பூவைப் பற்றிச் சொன்னேன். மாற்றம் எப்படிப் பிறக்கிறது, எப்படி வம்சத்தில் தங்குகிறது என்பதை உயிருள்ள பிராணியின் பரம்பரையில் பார்க்கலாம். தங்கிய மாற்றங்கள் பல லட்சம் வருஷத்தில் சேர்ந்து என்ன ஆகும் என்பதைக் கல்லில் பார்க்கலாம். பேராசிரியர் எனக்குச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொன்னேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் ரூல்தடியை உருட்டிக்கொண்டிருந்தார்.

“கொழும்புல ஒரு குமாஸ்தா எடை போட்டு எழுதுதான். இங்கன நான் எடை போட்டு எழுதுதேன். அவன் மூஞ்சிய நான் பாத்ததில்ல. ரெண்டு நோட்டுலயும் ஒரே எடை இருந்தா சரக்கு மெய். அதத்தான சொல்லுதீரு?”

இதைவிடத் தெளிவாக எங்கள் கல்லூரியில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வகை எத்தனை என்ற கட்டத்தில் அவர், “சொல்ல இயலவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

5

சங்குப்பூ அதைவிட மோசம். பேராசிரியர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்த தாளில் ‘இடமுறுக்குச் சங்கு’ என்று இருந்தது. நான் தமிழில் ‘வலம்புரி’ என்று எழுதியிருந்தேன்.

“ரெண்டு சரக்கா? இன்னொண்ணு எங்க?”

சாஸ்திரக்காரர்கள் சங்கின் திருகுமுனையை மேலே பிடித்துப் பார்க்கிறார்கள். நம் ஊரில் வால்முனையை மேலே பிடிக்கிறோம். அவர்களுக்கு இடப்பக்கம் தெரிகிற வாய், நமக்கு வலப்பக்கம் தெரிகிறது. சங்கு ஒன்றுதான், பிடிக்கிற கைதான் வேறு. இதை நிரூபிக்க அண்ணாச்சியும் நானும் ஒரு சங்கைத் தலைகீழாகவும் நேராகவும் பிடித்துப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர், “கவர்மெண்டுக்கு எந்தப் பக்கம் மேல்?” என்று கேட்டார். அதற்கு விதி இல்லை.

அதற்கப்புறம் உயிருள்ள பிராணிக்கான ஃபாரம். அது எந்தக் காலத்திலோ குதிரை ஏற்றுவதற்காக அச்சடித்தது. தாய் விவரம், தகப்பன் விவரம் எழுத வேண்டும்.

கூட்டை எடுத்தவர் என்ற முறையில் அத்தானை வரச் சொல்லியிருந்தார்கள். அலுவலக மூலையில் கூட்டை வைத்திருந்த சாடியில் காலையும் மாலையும் கடல்தண்ணீர் மாற்றுவதும் அவர்தான். கடலுக்குள் ஒரு மூச்சில் இறங்கிவிடுகிற மனிதர், அந்த அறையில் மூச்சுவிட முடியாமல் நின்றார்.

“தாயப் பாத்தீரா?” என்று அண்ணாச்சி கேட்டார்.

“தாய்ச்சங்கு பக்கத்துலதான் கெடந்துச்சு. எடுக்க மனசில்ல, விட்டுட்டேன். அது சாதாரணச் சங்குதான். வலம்புரி இல்ல.”

“தகப்பன்?”

அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னவே கேள்வி இது? கடலுக்குள்ள நான் எங்க போயி விசாரிக்க?”

நான் நடுவில் புகுந்து, “அண்ணாச்சி, முறுக்கு எந்தப் பக்கம்ங்கிறதுல தகப்பனுக்குப் பேச்சில்ல. தாயோட ஜீன்தான் முடிவு செய்யும். தாய் பாக்கதுக்கு எப்படி இருக்குங்கிறதுகூட முக்கியமில்ல, அதுக்குள்ள என்ன ஜீன் இருக்குங்கிறதுதான்” என்றேன். குளத்து நத்தையில் அப்படித்தான். சங்கிலும் அப்படியா என்று பார்க்கத்தான் இத்தனை பாடு என்பதையும் சொன்னேன்.

அண்ணாச்சி தகப்பன் கட்டத்தில், “தேவையில்லை” என்று எழுதினார். எழுதிவிட்டு அத்தானைப் பார்த்து, “கேட்டதுக்குத் தப்பா நெனைக்காதயும்” என்றார்.

எண்ணிக்கை: ஒன்று. அதாவது ஒரு கூடு. வியாழக்கிழமை மத்தியானம் எல்லாக் கட்டமும் நிரம்பிற்று. மை உலரட்டும் என்று ஃபாரத்தைக் காற்றில் பிடித்தபடி அண்ணாச்சி எழுந்தார். சாடிப் பக்கம் திரும்பினார். “ஏ அம்மாடி!” என்று ஒரு சத்தம்.

கூடு பிளந்து குஞ்சுகள் வெளியே வந்துகொண்டிருந்தன. நகத்தளவு சங்குகள். கண்ணாடிச் சுவரில் ஏறின, ஒன்றன்மேல் ஒன்று தொற்றின. நான் பையிலிருந்த பூதக்கண்ணாடியைக் கொடுத்தேன். பார்த்துக்கொண்டே இருந்தார், திருப்பிக் கொடுக்கவேயில்லை.

“ஒண்ணுகூட மாறலவே. எல்லாம் ஒரே பக்கம்.” குரல் அடங்கியிருந்தது. கொஞ்சம் கழித்து, ஏதோ சாவுச் செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னார்: “ஃபாரத்துல ஒண்ணுன்னு இருக்கு.”

6

புது ஃபாரம் போட்டால் மதுரை வரை போய்வர ஒரு வாரம். நாளை மறுநாள் என் சீட்டு முடிகிறது. சாடியில் இருநூற்றுக்கு மேல் உயிர். இதற்குள் ஊரில் செய்தி பரவி, சங்கு வியாபாரிகள் அலுவலக வாசலில் நின்றார்கள். வளர்க்கக் கொடு என்றார்கள், பூசைக்கு என்றார்கள். சன்னலில் முகம் முகமாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் சொன்னார். “மாப்ள, இதுக பொறந்த எடத்துல கொண்டு விட்டுருவோம். சாடிக்குள்ள செத்துச்சுன்னா உனக்கும் இல்ல, கடலுக்கும் இல்ல.”

எனக்கு அழுகை வந்தது. பேராசிரியர் உயிரோடு என்றுதான் கேட்டிருந்தார். ஆனால் அத்தான் சொன்னதற்குச் சம்மதித்தேன். அண்ணாச்சியிடம் சொன்னபோது, தானும் வருவதாகச் சொல்லி லீவு எழுதிக் கொடுத்தார். துறைமுகத்தில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர், அன்றுவரை வள்ளத்தில் ஏறியதில்லை. முயல்தீவைத் தாண்டுமுன் மூன்று தடவை வாந்தியெடுத்தார். நடுவில் நிமிர்ந்து, “போங்க, போங்க” என்று கையைக் காட்டினார்.

அத்தான் சாடியை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினார். மேலே வந்தபோது சாடி காலி. அடியில் ஏழு குஞ்சுகள் மட்டும் ஒட்டியிருந்தன. அவை முன்னமே செத்துப்போயிருந்தன.

“செத்த பிராணி” என்றார் அண்ணாச்சி. வெளிறிய முகத்தில் ஒரு வெளிச்சம். “அதுக்கு ஃபாரம் இருக்கு. டாக்டரும் இருக்காரு.”

அப்படித்தான் ஏழு குஞ்சுகளும் பிளந்த கூடும் என் பையில் வந்தன. கற்களுக்கும் அவரே வழி கண்டார். வகை எத்தனை என்று சொல்ல முடியாத சரக்கு எந்த விதிப்படியும் கப்பலேறாது. ஆனால் அன்று கொழும்புக்குக் கிளம்பும் ஒரு தோணியில் சுமை குறைவு. ஆட்டம் காணாமலிருக்க அடியில் பாரக்கல் போட வேண்டும்.

“பாரக்கல்லுக்கு ஃபாரமே கெடையாது” என்று என் காதில் சொன்னார். “கல்லுன்னுதான மொதல்ல எழுதினீரு? நான்தான் கேக்கல.”

7

நான் சனிக்கிழமை ஸ்டீமரில் வந்து சேர்ந்தேன். சீட்டைப் பார்த்த அதிகாரி தேதியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். தோணி ஐந்து நாள் கழித்து வந்தது. பேராசிரியரும் நானும் துறைக்குப் போனபோது, பெட்டியின் பலகை விட்டுப்போய், கற்கள் மற்றப் பாரக்கற்களோடு கலந்து ஒரு குவியலாகக் கரையில் கொட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நூலால் கட்டியிருந்த தாள் துண்டுகளைத் தோணித் தண்ணீர் கூழாக்கியிருந்தது.

பேராசிரியர் குவியலைப் பார்த்தபடி நின்றார். எந்த அடுக்கில் கிடைத்தது என்று தெரியாத புதைபடிவம் வெறும் அலங்காரக் கல்.   நான் முழங்காலிட்டு நத்தைக் கற்களைப் பொறுக்க ஆரம்பித்தேன். ஒன்றைப் புரட்டியபோது அடிப்பக்கத்தில் வெள்ளைச் சாயத்தில் பதினேழு என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் நாலு. முப்பத்திரண்டிலும் எண் இருந்தது. ஃபாரம் இல்லாத சரக்குக்கு எண் போடச் சொல்லி எந்த விதியும் இல்லை. அண்ணாச்சி அவராக உட்கார்ந்து போட்டிருக்கிறார்.

“ஆர் இந்த மனுசன்?” என்றார் பேராசிரியர். சொன்னேன். அவர் பதினாறையும் பதினேழையும் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார். ஏழு குஞ்சுகளையும் வில்லையின் கீழ் வைத்தார். ஏழும் ஒரே பக்கம். இதை வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் நல்ல ஆரம்பம் என்று எழுதிவைத்தார்.

இரண்டு மாதம் முன்பு அண்ணாச்சியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கடலில் விட்ட பிராணிகள் சம்பந்தமான கோப்பு இன்னும் முடியவில்லை; தகப்பன் விவரம் தேவையில்லை என்று எழுதியது மனதை உறுத்துகிறது; தகப்பனுக்கு நிஜமாகவே ஒரு பங்கும் இல்லையா என்று கேட்டிருந்தார்.

பேராசிரியரிடம் கேட்டுப் பதில் எழுதினேன். பங்கு உண்டு. ஆனால் தகப்பன் கொடுத்தது பிள்ளையின் முறுக்கில் தெரியாது. மகளுக்குள் ஒளிந்திருந்து, அவள் இடுகிற கூட்டில்தான், அதாவது பேரப்பிள்ளைகளில்தான் வெளியே தெரியும். சங்கு வளர்ந்து கூடு வைக்கப் பல வருஷம் ஆகலாம். அதுவரை யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

போன வாரம் ஒரு கார்டு வந்தது. நாலே வரி. எல்லாரும் சௌக்கியம். இஞ்ஞாசியைக் கண்டேன், விசாரித்தார். நான் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறேன். கோப்பை முடிக்கவில்லை, எனக்குப் பின் வருகிற குமாஸ்தாவுக்காக மேலட்டையில் எழுதி வைத்துவிட்டேன்: “பேரப்பிள்ளைகள் பிறந்தபின் மேல்நடவடிக்கை.”